சுரங்கத்தின் சேற்றுநீர் எந்த மழைவரை நிற்கும்?

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' சூறாவளி அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டதுடன், நாட்டின் சில பாகங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையையும் கொட்டிச் சென்றது. மலையகத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டன. அருவியாறு பெருக்கெடுத்து மன்னாரின் வயல் நிலங்களை மூழ்கடித்தது. அந்த அனர்த்தத்தின் பின்னர், எமது குளக்கட்டுகளும் பாலங்களும் வீதிகளும் எந்த அளவு மழையைத் தாங்கக்கூடியனவாக அமைக்கப்பட்டுள்ளன என்ற கேள்வி பல தரப்பினராலும் எழுப்பப்பட்டது. அது நியாயமான கேள்வியே. ஆனால் அதே கேள்வி கேட்கப்பட வேண்டிய மற்றோர் இடம் பெரிதும் கவனிக்கப்படாமல் போய்விட்டது. சுரங்கங்களிலும் கருங்கல், கிரவல் அகழ்வுத் தளங்களிலும், வளாகத்தின் தாழ்ந்த மூலையில் மழைநீரைத் தேக்குவதற்காக வெட்டப்படும் குளமே அந்த இடமாகும்.

பாரிய அகழ்வுத் திட்டம் ஒன்றிற்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினால், தூசி, வெடி அதிர்வு, வேலைவாய்ப்பு முதலியவை பற்றி பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். மழைநீரைப் பற்றியோ, 'வண்டல் தடுப்புக் குளங்கள் அமைக்கப்படும்' என்ற வகையில் ஓரிரு வாக்கியங்களுடன் விடயம் முடிந்துவிடுவதுண்டு. அந்த வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை. குளம் உண்மையிலேயே வெட்டப்படவும் கூடும். ஆயினும் எத்தகைய குளம், எந்த மழைக்கு, எவ்வளவு பரப்பில், யார் அதைத் தூர்வாருவார்கள் என்பவை கூறப்படாதவிடத்து அந்த வாக்கியம் கீழ்நிலத்திலுள்ள கமக்காரனுக்கோ களப்பு மீனவனுக்கோ எவ்வித உத்தரவாதத்தையும் அளிப்பதாகாது.

காடும் புல்லும் மூடிய நிலத்தில் பெய்யும் மழையின் கணிசமான பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடுகின்றது. எஞ்சியது மெதுவாக ஓடுகின்றது. சுரங்கத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டு மேல்மண் அகற்றப்பட்ட நிலத்தில் இந்த இரண்டுமே நிகழ்வதில்லை. கனரக வாகனங்கள் இறுக்கிய தரையில் நீர் இறங்காது. குவிக்கப்பட்ட கழிவு மண்மேடுகளிலோ மண்ணைப் பிடித்து வைக்க வேரேதும் இல்லை. கணக்கு எளிதானது. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 10 கன மீற்றர், அதாவது 10,000 லீற்றர் நீராகும். 50 ஹெக்டேயர் அகழ்வுத் தளமொன்றில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் பத்தில் ஏழு பங்கு மேற்பரப்பில் ஓடுவதாகக் கொண்டால் 35,000 கன மீற்றர் நீர் ஒரே நாளில் தாழ்ந்த மூலையை வந்தடையும். 10,000 லீற்றர் கொள்ளளவுடைய தண்ணீர் பௌசர்களில் ஏற்றுவதானால் அதற்கு 3,500 பௌசர்கள் தேவைப்படும். டித்வா காலத்தில் பெய்தது அதைப் போன்று மூன்று மடங்கு மழையாகும்.

அந்த நீருடன் வரும் மண்ணைத் தனியே பிரிப்பதுதான் குளத்தின் வேலை. ஓடும் நீரை நிற்க வைத்தால் அதில் மிதக்கும் துகள்கள் அடியில் படியும். எந்தத் துகள் எவ்வளவு நேரத்தில் படியும் என்பதை ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் என்ற விஞ்ஞானி 1851 ஆம் ஆண்டிலேயே கணித்துவிட்டார். அவரது விதியின்படி, ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு பருமனுள்ள நுண்மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்குவதற்குச் சுமார் 2 நிமிடங்கள் போதும். நூறிலொரு பங்கு பருமனுள்ள வண்டல் துகளுக்குச் சுமார் 3 மணித்தியாலங்கள் தேவை. ஆயிரத்திலொரு பங்கு பருமனுள்ள களித்துகளுக்கோ ஏறத்தாழ 13 நாள்கள் தேவை. துகள் பத்து மடங்கு சிறிதானால் காத்திருக்க வேண்டிய நேரம் நூறு மடங்கு கூடுகின்றது. இந்த ஒரு விடயத்தை மனதிற் கொண்டால் வண்டல் தடுப்புக் குளங்கள் பற்றிக் கூறப்படும் வாக்குறுதிகளில் எது நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது என்பதைப் பெரும்பாலும் இனங்கண்டுவிடலாம்.

இங்கே பலரும் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்படுகின்றது. குளம் ஆழமாக இருந்தால் அதிக மண்ணைப் பிடிக்கும் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நீரிலிருந்து எந்தப் பருமனுள்ள துகள்வரை பிரித்தெடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது குளத்தின் ஆழம் அல்ல, அதன் மேற்பரப்பின் விஸ்தீரணமே. விநாடிக்கு ஒரு கன மீற்றர் நீர் வந்துசேரும் குளமொன்றில் 0.02 மில்லிமீற்றர் துகளைப் படியச் செய்வதற்குக் குறைந்தபட்சம் சுமார் 2,800 சதுர மீற்றர் பரப்பு வேண்டும். துகளின் பருமன் அதில் பாதியாயின் 11,000 சதுர மீற்றருக்கும் மேல் வேண்டும். இவையும் நீர் எவ்விதக் கொந்தளிப்புமின்றிச் சீராகப் பரவிச் செல்லும் என்ற அனுமானத்தில் பெறப்பட்ட கணக்குகளே. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே ஒதுக்க வேண்டும். நிலத்தை மிச்சப்படுத்தும் நோக்குடன் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் தோண்டப்படும் குழி, பார்வைக்குப் பெரிய ஏற்பாடாகத் தோன்றினாலும் சேற்றுநீரைச் சேற்றுநீராகவே கடத்திவிடும். நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் அருகருகே அமைந்துவிட்டாலும் இதே கதிதான். குளத்தின் பெரும்பகுதி அசையாது கிடக்க, புதிதாக வந்த வெள்ளம் குறுக்கு வழியாக ஓடி வெளியேறிவிடும். எனவேதான் குளத்தின் நீளம் அகலத்தைப் போன்று பல மடங்காக இருக்க வேண்டும் என்றும், வாய்கள் இரண்டும் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும் என்றும், பருமனான மணலைப் பிடிப்பதற்கு முகப்பில் ஒரு சிறு குழி தனியாக இருக்க வேண்டும் என்றும் பொறியியலாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

களித்துகள் விடயத்தில் எந்தக் குளமும் தனித்து நின்று வெற்றிபெறப் போவதில்லை. 13 நாள்கள் அசையாமல் நீரைத் தேக்கி வைக்கப் பருவமழை எவருக்கும் அவகாசம் தருவதில்லை. கலங்கிய கிணற்று நீரைத் தெளிய வைக்க எமது முன்னோர் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்ததும், பின்னாளில் படிகாரம் இட்டதும் இதே சிக்கலுக்கான தீர்வுகளே. நுண்ணிய துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்கினால் அவை விரைவில் படியும். சுரங்கங்களிலும் படிகாரம், ஜிப்சம், செயற்கைத் திரட்டிகள் என்பன இதற்காகப் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் அவற்றுக்குச் செலவு உண்டு. அளவு தவறினால் கீழேயுள்ள நீர்வாழ் உயிரினங்களுக்கும் தீங்கு நேரும். ஆகவே களிமண் பாங்கான நிலத்தில் 'குளம் வெட்டுவோம்' என்று மட்டும் கூறும் திட்டம், பிரச்சினையின் கடினமான பாதியைச் சொல்லாமல் விட்ட திட்டமாகும். மண்ணை இடம்பெயர விடாமல் தடுப்பதே முதல் வேலை. மேட்டிலிருந்து வரும் தெளிந்த நீரைச் சுற்று வாய்க்கால் வெட்டிச் சுரங்கத்துக்குள் நுழையாமலே திருப்பிவிட வேண்டும். ஒரே தடவையில் முழு நிலத்தையும் வெட்டையாக்காமல் தேவைக்கேற்பப் பகுதி பகுதியாகத் திறக்க வேண்டும். தோண்டி முடித்த பகுதியில் உடனே புல் வளர்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரும் தப்பி வருவதைப் பிடிப்பதற்கே குளம்.

சிலர் கேட்கக்கூடும், வயலுக்கு வண்டல் நல்லதுதானே என்று. ஆற்று வெள்ளம் கொண்டுவரும் மேல்மண் வண்டலில் உக்கிய இலைகுழையின் சத்து உண்டு. சுரங்கத்திலிருந்து வருவது அதுவல்ல. பல மீற்றர் ஆழத்திலிருந்து கிளறப்பட்ட, உயிர்ச்சத்தற்ற அடிமண்ணும் அரைபட்ட பாறைத்தூளுமே அவ்வாறு வருகின்றன. வயலில் அது காய்ந்தால் ஓடுபோல் இறுகும். குளத்தில் படிந்தால் கொள்ளளவைக் குறைக்கும். களப்பில் படிந்தால் மீன்கள் முட்டையிடும் இடங்களை மூடும்.

அடுத்து வருவது எந்த மழைக்கு என்ற கேள்வி. இது தொழில்நுட்பக் கேள்வி போன்று தோன்றினாலும் உண்மையில் அரசியற் கேள்வியாகும். 'பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யக்கூடிய மழைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டுள்ளது' என்று ஓர் அறிக்கை கூறினால், வாசிப்பவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பயமில்லை என்று எண்ணிவிடுகிறார். அந்தச் சொற்றொடரின் பொருள் அதுவல்ல. எந்தவோர் ஆண்டிலும் அந்த அளவை மிஞ்சிய மழை பெய்வதற்குப் பத்து வீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அத்தகைய சுரங்கம் 20 ஆண்டுகள் இயங்குமானால், அக்காலத்தில் ஒரு தடவையேனும் குளம் மிஞ்சுவதற்கான வாய்ப்பு 88 வீதம். வேறு வார்த்தையில் கூறுவதாயின், அது மிஞ்சும் என்பதை அறிந்துகொண்டே அது கட்டப்படுகின்றது. நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழைக்கு ஏற்ப வடிவமைத்தாலும் 20 ஆண்டுகளில் அந்த வாய்ப்பு 18 வீதமாக இருக்கும். குளத்தை எல்லையின்றிப் பெரிதாக்க எவராலும் முடியாது. அந்தப் பொறியியல் உண்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த எல்லையில் நிறுத்துவது என்பதையும், அதற்கு மேலான மழையின் விளைவை யார் சுமப்பது என்பதையும் கம்பனியின் ஆலோசகர் மட்டும் தனியறையில் இருந்து முடிவு செய்வது முறையாகாது. சுமக்கப் போகின்றவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அத்துடன் கடந்தகால மழைப் பதிவுகளைக் கொண்டு பெறப்பட்ட 'பத்தாண்டு மழை', காலநிலை மாறிவரும் இன்றைய சூழலில் பழைய எண்ணாகவே இருக்கக்கூடும். டித்வாவுக்கு முன்னர் கணிக்கப்பட்ட எண்கள் அனைத்தும் மீளப் பரிசீலிக்கப்பட வேண்டியவை என்பதில் சந்தேகமில்லை.

குளம் மிஞ்சும்போது அது எவ்வாறு மிஞ்சுகின்றது என்பதும் முக்கியமானது. குளம் 'வான் பாய்கிறது' என்றால் எமது கிராமங்களில் அச்சமில்லை, கட்டு உடைந்தது என்றால்தான் அச்சம். வண்டல் தடுப்புக் குளத்துக்கும் இது பொருந்தும். மண்ணைப் பிடிப்பதற்குப் பத்தாண்டு மழை போதுமென்று வைத்துக்கொண்டாலும், அதன் வான் அதைவிட மிகப் பெரிய வெள்ளத்தைக் கட்டு அரிபடாமல் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டு உடைந்தால் அன்றைய சேறு மட்டுமன்றிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த சேறும் ஒரே இரவில் கீழிறங்கிவிடும்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் சரியாக அமைந்த ஓரிடம் இருக்கின்றதா எனக் கேட்டால், குறையின்றி அமைந்த இடம் என எதனையும் காட்ட முடியாது. எனினும் பாடம் கற்கத்தக்க இடம் ஒன்றைக் குறிப்பிடலாம். அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில், உலக மரபுரிமைப் பிரதேசமான ககாடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட ரேஞ்சர் யுரேனியம் சுரங்கம் 1981 ஆம் ஆண்டு உற்பத்தியை ஆரம்பித்து 2021 ஜனவரியில் நிறுத்தியது. அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. மீதி அரையாண்டு வரட்சி. நீண்ட வரட்சியில் காய்ந்து பொடியாகிய நிலத்தின் மீது திடீரெனப் பெருமழை இறங்கும் இந்தக் கோலம் எமது வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கோலத்தை ஒத்ததாகும். எனவேதான் குளிர் நாடுகளின் உதாரணங்களைவிட ரேஞ்சரின் அனுபவம் எமக்கு நெருக்கமானது.

அங்கு நீர் அனைத்தும் ஒன்றாகக் கருதப்படவில்லை. தாது பதப்படுத்தும் ஆலையையும் அதன் கழிவையும் தொட்ட நீர் ஒரு வகை. அது சுத்திகரிக்கப்படாமல் வெளியே விடப்படவே கூடாது. தாதுக் குவியல்களின் மீது பெய்து ஓடிவந்த மழைநீர் இன்னொரு வகை. அது தனியான தேக்கக் குளத்தில் பிடிக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே அகற்றப்படும். மாசற்ற நிலத்தில் பெய்த நீர் மூன்றாவது வகை. அதன் மண் படிந்த பின்னர் மகேலா என்ற சிற்றாற்றில் சேர இடமளிக்கப்படும். தெளிந்த நீரை அழுக்கு நீருடன் கலக்க விடாமையே குளங்களின் சுமையைக் குறைக்கும் வழியாகும்.

அதைவிட முக்கியமானது கண்காணிப்பு முறை. சுரங்கம் தொடங்குமுன்னரே, 1978 ஆம் ஆண்டு சட்டமொன்றின் மூலம் மேற்பார்வை விஞ்ஞானி என்ற பதவியும் அலுவலகமும் ஏற்படுத்தப்பட்டன. சுரங்கக் கம்பனியின் அளவீடுகளை மாத்திரம் நம்பியிராது அந்த அலுவலகம் தானாகவே மகேலா சிற்றாற்றில், சுரங்கத்துக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் நீரை அளந்து ஒப்பிட்டு வந்துள்ளது. கலங்கல், மின்கடத்துதிறன், யுரேனியத்தின் அளவு என்பவற்றோடு, ஆற்றில் வைக்கப்படும் நன்னீர் நத்தைகள் எத்தனை முட்டையிடுகின்றன என்பதும் கணக்கிடப்பட்டது. முடிவுகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. மேலே தெளிவாக இருந்த நீர் கீழே கலங்கியிருந்தால், இடையில் இருப்பது யார் என்று கேட்பதற்கு நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை.

இயற்கையும் அந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சோதித்தது. 2007 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் தொடங்கிய மழை மூன்று நாள்களில் 700 மில்லிமீற்றரைத் தாண்டியது. திறந்த சுரங்கக் குழியில் வெள்ளம் புகுந்தது. விற்பனை ஒப்பந்தங்களை உரிய காலத்தில் நிறைவேற்ற இயலாதென அறிவிக்கும் நிலைக்குக் கம்பனி தள்ளப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கழிவுத் தேக்கத்தின் நீர்மட்டம் அனுமதிக்கப்பட்ட எல்லையை நெருங்கவே, ஜனவரி இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஆலையே நிறுத்தப்பட்டது. தேங்கிய நீரை ஆற்றில் திறந்துவிட்டு உற்பத்தியைத் தொடர்வது எளிதான வழியாக இருந்திருக்கும். அது அனுமதிக்கப்படவில்லை, நட்டத்தைக் கம்பனி ஏற்றது. மழையின் செலவு ஆற்றின் மீதன்றிச் சுரங்கத்தின் மீதே விழ வேண்டும் என்ற விதி நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

ரேஞ்சரைப் புகழ்வது எமது நோக்கமல்ல. அந்நிலத்தின் பாரம்பரிய உரித்தாளர்களான மிரார் மக்கள் தமது விருப்பத்துக்கு மாறாகவே சுரங்கம் திறக்கப்பட்டதாகக் கூறி வந்துள்ளனர். 2004 ஆம் ஆண்டில் ஆலையின் மாசுபட்ட நீர் குடிநீர்க் குழாயில் கலந்தமைக்காகக் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 150,000 அவுஸ்திரேலிய டொலர் தண்டம் செலுத்தியது. நிலத்தை மீளச் சீர்செய்யும் செலவு 2 பில்லியன் டொலரைத் தாண்டும் என மதிப்பிடப்பட்டுள்ளதுடன், 2026 ஜனவரிக்குள் முடிக்கப்பட வேண்டியிருந்த அப்பணிக்குக் காலநீடிப்பு வழங்குவதற்காகச் சட்டமே திருத்தப்பட்டது. இவ்வளவு கண்காணிப்பும் செல்வமும் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவாயின், இரண்டும் குறைந்த எமது நாட்டில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது வாசகர்களின் ஊகத்துக்குரியது.

ஆனால் அறிவு குறைந்த நாடு எம்முடையது அல்ல. உலர் வலயத்துக் குளத் தொடர்களை அமைத்தவர்கள் வண்டலைப் பற்றி நன்கு அறிந்திருந்தனர். கிராமத்தின் பெரிய குளத்துக்கு மேலே, காட்டை ஒட்டி, பாசனத்துக்கென்றல்லாது வண்டலைப் பிடிப்பதற்காகவும் விலங்குகள் நீர் அருந்துவதற்காகவும் ஒரு சிறு குளத்தை அவர்கள் விட்டு வைத்தனர். சிங்களத்தில் அது 'குளுவெவ' எனப்படுகின்றது. குளத்தின் மேற்கரையில் அடர்ந்த புல் வளர்க்கப்பட்டு, நீர் அதனூடாக வடிந்தே உள்ளே வரும்படி செய்யப்பட்டது. இன்றைய பொறியியல் நூல்கள் முகப்புக் குழி என்றும் புல் வடிகட்டி என்றும் கூறுவன இவையே. இந்தக் குளத் தொடர் முறையை உலக உணவு விவசாய ஸ்தாபனம் 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது.

இந்த மரபும் நவீன சுரங்கமும் நேருக்கு நேர் மோதிய சந்தர்ப்பம் ஒன்றும் எமது நாட்டில் உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேற் படிவை அமெரிக்கப் பல்தேசியக் கம்பனியொன்றின் பங்களிப்புடன் பாரிய அளவில் அகழ்வதற்கும், திருகோணமலையில் அதனைப் பதப்படுத்தும் ஆலையை அமைப்பதற்கும் 1990களில் திட்டமிடப்பட்டது. அப்பகுதி விவசாயிகள் உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க 2000 ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு, முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அங்கீகாரமும் இன்றி ஒப்பந்தம் செய்வதற்குத் தடை விதித்தது. அந்த வழக்கில் பேசப்பட்ட ஜயகங்கை என்ற புராதனக் கால்வாய் கலாவெவயிலிருந்து அநுராதபுரத்தின் திஸ்ஸவெவ வரை 87 கிலோமீற்றர் ஓடுகின்றது. அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் மாத்திரமே. அதாவது கிலோமீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை. அத்தனை மெதுவாக ஓடும் கால்வாய் தானே ஒரு வண்டல் குளம் போன்றது. சுரங்கத்திலிருந்து தப்பும் சேறு அதில் படிந்து, பல நூற்றாண்டுகள் நின்ற சரிவைச் சில மழைக்காலங்களில் குலைத்துவிடும். வேகமாகப் பாயும் ஆற்றுக்குப் போதுமான குளம், இத்தகைய கால்வாய்க்குப் போதாது. கீழே என்ன இருக்கின்றது என்பதைப் பார்த்தே மேலே குளத்தை வடிவமைக்க வேண்டும் என்பதற்கு எப்பாவலை ஓர் உதாரணமாகும்.

மன்னாரில் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக 2025 ஆம் ஆண்டில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அடிப்படையில் இதே கேள்வியே எழுந்தது. அங்கு நிலம் தட்டையானது, மண்ணோ மணல். ஓடும் நீரைவிட இறங்கும் நீரே அதிகம். மணலுக்கு அடியில் தேங்கியுள்ள மெல்லிய நன்னீர்ப் படையே தீவின் கிணறுகளுக்கு ஆதாரம். ஆகவே எப்பாவலைக்கு வரையும் குளத்தை மன்னாருக்கு வரைய முடியாது. மழைநீர் எங்கே தேங்கும், எத்தனை நாள் தேங்கும், தோண்டிய இடத்தில் நிலமட்டம் தாழ்ந்தால் கடல் நீரும் வெள்ளமும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பவற்றுக்கு அந்த இடத்துக்கே உரிய பதில் வேண்டும். பதில் கிடைக்காதவரை மக்கள் சந்தேகிப்பதைக் குற்றமாகக் கொள்ள முடியாது. புத்தளத்து அறுவைக்காட்டில் சுண்ணாம்புக்கல் எடுத்து முடிந்த குழிகளைக் கொழும்பின் குப்பைக்காகத் தெரிவுசெய்தபோது, அப்பிரதேச முஸ்லிம், தமிழ், சிங்கள மக்கள் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்ததை இங்கு நினைவுகூரலாம். சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் குழியில் மழை பெய்துகொண்டுதான் இருக்கும். அந்த நீர் எங்கே போகும் என்பதற்கு யார் பொறுப்பு என்பது அனுமதி வழங்கும் நாளிலேயே எழுதப்பட வேண்டியது.

பாரிய திட்டங்களையேனும் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஊர்களில் இயங்கும் கல் உடைப்புத் தளங்களும் கிரவல் குழிகளும் எவருடைய பார்வையிலும் படுவதில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமே அனுமதிப் பத்திரங்களை வழங்குகின்றது. சுற்றாடல் நிபந்தனைகளை மத்திய சுற்றாடல் அதிகாரசபை விதிக்கின்றது. சட்டத்தில் இடைவெளி இருப்பதாகக் கூறுவதைவிட, நிபந்தனையின் சொற்களில் எண்கள் இல்லை என்று கூறுவதே பொருத்தமாகும். 'போதிய வடிகால் வசதி' என்று எழுதப்பட்ட நிபந்தனையை மீறியதாக எவரையும் நிரூபிக்க இயலாது. இத்தனை மில்லிமீற்றர் மழைக்கு, இத்தனை சதுர மீற்றர் குளம், இந்த அகலத்தில் வான், வண்டல் இந்த மட்டத்தை அடைந்ததும் தூர்வாருதல், தூர்வாரிய சேறு கொட்டப்படும் இடம் என்று எழுதப்பட்ட நிபந்தனையை ஒரு கிராம அலுவலரும் அளவு நாடாவைக் கொண்டு பரிசோதித்துவிடலாம். தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்து அடுத்த மழையில் அது திரும்பவும் குளத்துக்குள் இறங்குவதைப் பார்ப்பது, பணம் கொடுத்துச் செய்யும் வீண் வேலையன்றி வேறில்லை.

பொறியியல் விபரங்கள் சாதாரண மக்களுக்கு விளங்காது என்பது அதிகாரிகளுக்கு வசதியானதொரு வாதம். துருசு எப்போது திறப்பது, வான் எவ்வளவு பாயும் என்று தலைமுறைகளாகக் கணித்து வந்த கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு வண்டல் குளத்தின் கணக்கு விளங்காமற் போவதற்கு நியாயமில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் மீது கருத்துக் கூறுவதற்குப் பொதுமக்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளில் மழைக் கணக்கும் குள வரைபடமும் அடங்கிய இணைப்புகள் தமிழிலும் கிடைத்தாக வேண்டும். ஏற்கனவே இயங்கும் தளங்களைப் பொறுத்தவரை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. அனுமதிப் பத்திரத்தின் பிரதியையும், எந்த மழைக்கு அக்குளம் வடிவமைக்கப்பட்டது என்பதையும், இறுதியாகத் தூர்வாரப்பட்ட திகதியையும் கேட்டு எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். கீழ்நிலத்துக் கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும் கூட்டாக இதைச் செய்வதற்குப் பெரும் செலவு ஏதும் இல்லை.

மாரிமழை ஒக்டோபரில் ஆரம்பிக்கின்றது. மாதக் கணக்கில் காய்ந்து பொடியான சுரங்கத் தரையின் மீது விழும் முதல் மழைகளே பெருமளவு சேற்றைச் சுமந்து வருவன. ஆகையால் குளங்கள் தூர்வாரப்பட வேண்டியது செப்டெம்பரில்தான். வெள்ளம் வந்த பின்னர் டிசெம்பரில் அல்ல. ஒவ்வொரு வண்டல் குளத்திலும் நிறமிடப்பட்ட அளவுக்கம்பம் ஒன்றை நட்டு, செப்டெம்பர் இறுதியில் அதன் மட்டத்தைப் பணியகத்தின் பிராந்திய அதிகாரி ஒருவர் கீழ்நிலத்துக் கமக்காரர் பிரதிநிதியுடன் சென்று குறித்து, அந்தக் குறிப்பைப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுமாறு சுற்றுநிருபம் ஒன்றை வெளியிடுவதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிதியோ அவசியமில்லை. மட்டம் தாண்டியிருக்கும் தளங்களில், குளம் தூர்வாரப்படும் வரை அகழ்வை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அந்தச் சுற்றுநிருபத்தில் இடம்பெற வேண்டும்.